கவுச்சியை விட்டோம், பருப்பு எங்கே?

(திருத்தணியில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



விடிந்தால் தறிக்குப் போக வேண்டியவர்களும், கழனிக்குப் போக வேண்டியவர்களும், முதல் ரயில் பிடித்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஓட வேண்டியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கூலி, போனஸ், பட்டா ஆகியவை பற்றி இதே இடத்தில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று அந்தக் கூலி கடைசியில் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுதான் நம் சோற்றுத் தட்டு.

சென்ற புரட்டாசியில் அம்மையார்குப்பம் பக்கம் ஒரு நெசவுத் தெருவுக்குச் சந்தா வசூலுக்குப் போயிருந்தேன். திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சகோதரி, "வாண்ணா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ. புரட்டாசி மாசம், கவுச்சி கிடையாது" என்றார். உட்கார்ந்தேன். சோறு வந்தது. ரசம் வந்தது. ஊறுகாய் வந்தது. அவ்வளவுதான்.

"கவுச்சிதான் இல்லை, பருப்புமா இல்லை தங்கச்சி?" என்று கேட்டேன்.

"ரேஷன் பருப்பு பத்து நாளில் தீந்துபோச்சுண்ணா. கடையில் வாங்கற விலையா விக்குது?" என்றார். தார் சுற்றும் கை நிற்கவில்லை.

தோழர்களே! நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கவுச்சியை விட்டாயிற்று. அந்த இடத்துக்குப் பருப்பு வரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தது வெறும் சோறு!

உடம்பு கேட்கும் கணக்கு

நம் உடம்பின் தசையும் இரத்தமும் புரதச்சத்தால் கட்டப்படுபவை. தறியடியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்கும், குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் தேய்கிற உடம்பை மறுபடி கட்ட அது வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கணக்குச் சொன்னது. பிள்ளை பெறப் போகிறவளுக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் இதற்கு மேலும் வேண்டும்.

இந்தச் சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. 30 கிராம் துவரம் பருப்பிலும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கிறது. கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு, வேர்க்கடலை ஆகியவற்றிலும் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் உண்டு. அரிசியில் குறைவாயுள்ள சத்து பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவாயுள்ளது அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நம் பாட்டிகள் பொங்கலும் இட்லியும் சாம்பாரும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்ல.

ஆனால் எத்தனை பருப்பு? ரேஷனில் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஆளுக்கு எட்டு கிராம் விழுகிறது. அதில் உள்ள புரதம் இரண்டு கிராம் கூட இல்லை. அரிசியிலிருந்து பாதித் தேவை வரும் என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி எங்கிருந்து வரும்?

மாறச் சொல்லுகிறவர்கள்

இறைச்சியைக் குறைத்துப் பயறு வகைகளுக்கு மாற வேண்டும் என்று இன்று உலகமெங்கும் பெரிய பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் நூற்றுக்குப் பதினாலரைப் பங்கு கால்நடை வளர்ப்பினால் வருகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-இல் கணக்கிட்டது. அமெரிக்காவில் ஆளொன்றுக்கு ஆண்டில் நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி விற்பனையாகிறது. அவ்வளவு தின்கிறவன் குறைத்துக்கொள்வது அவனுக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது.

ஆனால் இந்தியாவில் ஆளொன்றுக்கு ஆண்டில் ஐந்து கிலோ அளவே! ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கோழி வாங்கி ஐந்து பேருக்குக் குழம்பு வைக்கிறவளைப் பார்த்து "இறைச்சியைக் குறை" என்று சொல்வது என்ன நியாயம்? அவள் எதைக் குறைப்பாள்? குழம்பில் மிதக்கும் எலும்பையா?

"இந்தியா சைவ நாடு" என்று சொல்லித் திரிகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்காரே 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கு வேறு சொல்கிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் மாமிசம் உண்பவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். பக்கத்து ஆந்திராவில் தொண்ணூற்றெட்டு. எல்லைக்கு இந்தப்பக்கம் தமிழ் பேசுகிறவனுக்கும் அந்தப்பக்கம் தெலுங்கு பேசுகிறவனுக்கும் குழம்பு ஒன்றுதான். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் நம் அடுப்பு மாறிவிடவில்லை.

கழனியில் கிடைத்தது எங்கே போயிற்று?

அப்படியானால் உழைக்கிறவன் தட்டு எப்படி மாறியது? யாருடைய உபதேசத்தால் மாறியது? வயதான தோழர்களைக் கேளுங்கள். அவர்கள் சிறுவயதில் கசாப்புக் கடைக்குப் போனது தீபாவளிக்கும் பொங்கல் மறுநாளுக்கும்தான். ஆனால் ஏரியில் கெண்டையும் கெளுத்தியும் குரவையும் இருந்தன. நெற்கழனி வரப்பில் நண்டு இருந்தது, நத்தை இருந்தது. அறுவடை முடிந்தால் வளையை வெட்டி எலி பிடித்தார்கள். மழை விழுந்த மறுநாள் ஈசலை வறுத்துத் தின்றார்கள். காசு கொடுக்காமல் கிடைத்த புரதம் அது. மேல்சாதிக்காரன் அதைப் பார்த்து முகம் சுளித்தான். ஆனால் கூலியாளின் பிள்ளைகளை வளர்த்தது அதுதான்.

1960-களின் பிற்பகுதியில் புது நெல் வந்தது. அதோடு உரமும் பூச்சி மருந்தும் வந்தன. எண்ட்ரின் தெளித்த கழனியில் நண்டு செத்தது, மீன் செத்தது. ஏரிகள் தூர்ந்தன, சிலவற்றில் வீட்டு மனைகள் முளைத்தன, தண்ணீர் நின்ற ஏரிகளின் மீன் ஏலத்துக்குப் போயிற்று. ஏழை தான் தின்ற மாமிசத்தை மனம் மாறி விடவில்லை, தோழர்களே. அவனிடமிருந்து அது எடுக்கப்பட்டது!

போனது அது மட்டுமல்ல. பருப்பும் கூடவே போயிற்று. 1961-இல் இந்த நாட்டில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 69 கிராம் பருப்பு கிடைத்தது. 1981-இல் அது 37 கிராமுக்குச் சரிந்தது. 2001-இல் 30 கிராம். நாற்பது ஆண்டில் பாதிக்கும் கீழே!

ஏன்? நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை சொல்லி, 1965-இல் உணவுக் கார்ப்பரேஷன் அமைத்து, சர்க்கார் கொள்முதல் செய்தது. அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. பட்டினிச் சாவைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் பருப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தண்ணீர் உள்ள நல்ல நிலம் நெல்லுக்கும் கரும்புக்கும் போயிற்று. மானத்தைப் பார்த்த மேட்டு நிலம் துவரைக்கும் காராமணிக்கும் மிஞ்சியது. நம் பக்கமே பாருங்கள். திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு போட்டவனுக்கு, பாக்கி வைத்தாலும், வாங்க ஓர் ஆள் உண்டு. துவரை போட்டவனுக்கு வியாபாரி வைத்ததுதான் விலை. பயிரிடுகிறவன் எதைப் பயிரிடுவான்?

விலை என்னும் சவுக்கு

2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மழை பொய்த்தது உண்மை. பதுக்கலும் நடந்தது, சர்க்காரே பல மாநிலங்களில் சோதனை போட்டு ஆயிரக்கணக்கான டன்களைப் பிடித்தது. அந்த விலையைப் பார்த்து விவசாயிகள் நம்பித் துவரை விதைத்தார்கள். 2016-ஐச் சர்வதேசப் பருப்பு ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அந்தப் பருவத்தில் அமோக விளைச்சல். 2017-இல் என்ன நடந்தது? சர்க்கார் சொன்ன ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். சந்தையில் அதற்கும் கீழே விற்றுவிட்டு அழுதார்கள் விவசாயிகள்!

தின்கிறவன் இருநூறு கொடுத்தான். விளைவித்தவன் ஐம்பதுக்கும் கீழே வாங்கினான். இடையில் உள்ள பணம் யார் வீட்டுக்குப் போயிற்று? "பருப்புத் தின்னுங்கள், உடம்புக்கு நல்லது" என்று போதிக்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மலையும் மாமிசமும்

இப்போது தெய்வ விஷயத்துக்கு வருகிறேன். இது மலைக்கோவில் ஊர். கிருத்திகைக்கு விரதம் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப்பேர். புரட்டாசியில் பெருமாளுக்காகக் கவுச்சி விடுகிற வீடுகள் அதைவிட அதிகம். அந்த மாதம் தமிழ்நாடு முழுவதும் கோழி விற்பனை சரிகிறது. நாமக்கல்லில் முட்டை விலை இறங்குகிறது. ஒரே மாதத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் மாமிசத்தை விட்டு நிற்கின்றன. எந்த நாட்டிலும் எந்தப் பிரசாரமும் செய்யாத காரியம் இது!

அந்த விரதத்தை நான் கேலி செய்யவில்லை. நம் தோழர்கள் சிலர் முன்பு கேலி செய்ததுண்டு, அது தவறு. தன் வாயைத் தானே கட்டுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பிறர் வாயைக் கட்ட எவனுக்கும் உரிமை இல்லை.

இங்கிருந்து திருக்காளத்தி எவ்வளவு தூரம்? நம் ரயில் போகிற வழிதான். அங்கே சிவனுக்குப் பன்றி இறைச்சியைச் சுட்டு, வாயில் போட்டு ருசி பார்த்துப் படைத்தவர் கண்ணப்பர் என்னும் வேடர். அவரை நாயன்மாராக்கிப் பெரிய புராணத்தில் வைத்தார் சேக்கிழார். நம் மலையில் நிற்கிற முருகன் மணந்த வள்ளி யார்? வேடர் குலத்தில் வளர்ந்தவள், தினைப்புனம் காத்தவள். சாமிக்கே தீட்டாகாத வேடன் வீட்டுச் சோறு, சில பேருக்கு மட்டும் தீட்டாகிறதே, அது எப்படி?

இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. மாட்டிறைச்சி வைத்திருந்தான் என்ற வதந்தியின்பேரில் 2015-இல் உத்தரப் பிரதேசத்து தாத்ரியில் ஒரு ஏழை உழைப்பாளியை அடித்தே கொன்றார்கள். 2017 மே மாதத்தில் கறிக்காகச் சந்தையில் மாடு விற்பதையே தடுக்கும் விதிகளை மத்திய சர்க்கார் கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது. ஏழைக்குக் கட்டுப்படியாகும் மாமிசம் மாட்டிறைச்சி. உழவு மாடு கிழமானால் விற்று அடுத்த மாடு வாங்குகிறவன் சிறு விவசாயி. இரண்டு பேர் வயிற்றிலும் ஒரே அடி! இது சைவமல்ல, தோழர்களே. இது சாதித் திமிர்.

பச்சைப் பிள்ளைகள் விஷயத்திலும் இதையே செய்கிறார்கள். 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது, முதல் மந்திரியே கூடாது என்றார். 2021-இல் கர்நாடகத்தில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். பிள்ளைகளோ முட்டை வேண்டும் என்றார்கள்!

நல்லபடி மாறியதும் உண்டு

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1956-இல் காமராஜர் பள்ளியில் மதிய உணவைப் பரவலாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கருணாநிதி சர்க்கார் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010-இல் அது வாரம் ஐந்து முட்டையாயிற்று. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். கூடவே கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும். யாரையும் இழிவு செய்யாமல், அவனவன் வழக்கப்படி, அதே பந்தியில்! இப்படித்தான் செய்ய வேண்டும்.

2007-இல் ரேஷனில் துவரம் பருப்பும் உளுந்தும் வந்தன. அன்றுதான் பல கூலி வீடுகளில் வாரத்தில் மூன்று நாள் சாம்பார் என்பது வந்தது. எந்தச் சாமியார் பேசியும் வரவில்லை. எந்த டாக்டர் எழுதியும் வரவில்லை. மலிவு விலைக்குக் கிடைத்தது, வாங்கினார்கள், வேகவைத்தார்கள். உளுந்தைப் பின்னர் நிறுத்திவிட்டார்கள். 2024 மே மாதத்தில் பல கடைகளுக்குத் துவரம் பருப்பே நேரத்துக்கு வரவில்லை. ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது சர்க்கார். பசியைச் சேர்த்து வைக்க முடியுமா?

மீல் மேக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோயா உருண்டை என்று நாம் வாங்குவது அதுதான். மத்தியப் பிரதேசத்துச் சோயாவில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் மாவில் செய்தது. நூறு கிராமில் பாதிக்குப் பாதி புரதம். கறி வாங்க முடியாத நாளில் அதே மசாலாவில் போட்டால் பிள்ளைகள் தின்கின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அந்தச் சோயாப் புண்ணாக்கில் பெரும்பங்கு கோழித் தீவனமாகப் போகிறது, கப்பலேறிப் போகிறது. பண்ணைக் கோழிக்குச் சரியான அளவு புரதம் கலந்து கொடுக்க முதலாளி கணக்கு வைத்திருக்கிறான், ஏனென்றால் கோழி எடை ஏறினால் அவனுக்கு லாபம். தறிக்காரனுக்கு எத்தனை கிராம் கிடைக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் முதலாளி எவனாவது உண்டா?

நம் வீட்டுக்குள்ளே

ஆண் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. உங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள்? கறித்துண்டு யார் தட்டில் விழுகிறது? பருப்புச் சட்டியின் அடியில் இருக்கும் தண்ணீர் யாருக்கு மிஞ்சுகிறது? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதே தறியில் அவளும் நிற்கிறாள், அதே கழனியில் அவளும் குனிகிறாள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை, இன்று இரவே தொடங்கலாம்.

நாம் கேட்பது

1968-இல் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலியில் கூட அரைப்படி நெல். அந்தக் கூலிச் சண்டையில் டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அரைப்படிக்காக உயிர் கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். உணவுப் பிரச்னை சில்லறைப் பிரச்னை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. சங்கத்தில் கூலிப் பேச்சு நடக்கும்போது, அந்தக் கூலியில் எத்தனை கிலோ பருப்பு, எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டு மேஜையில் வைக்க வேண்டும். இத்தனை நாள் நாம் அதைச் செய்யாதது நம் குறை. ஒப்புக்கொள்கிறேன்.

நம் கோரிக்கைகள் இவை:

ரேஷனில் அட்டைக்கு மாதம் இரண்டு கிலோ பருப்பு, ஒரு மாதம் தவறாமல். நிறுத்திய உளுந்து மறுபடி வர வேண்டும்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை மேட்டு நிலத்தில் விளையும் துவரையையும் காராமணியையும் வேர்க்கடலையையும் ஆதரவு விலைக்குச் சர்க்காரே கொள்முதல் செய்து, அதே வட்டத்து ரேஷன் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் கொடுக்க வேண்டும். பயறு போட்ட நிலத்தில் வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருந்து உரத்தை இழுத்து மண்ணுக்குத் தருகின்றன, நிலத்துக்கும் லாபம்.

ஏரிகளைத் தூர் வாரி, மீன் உரிமையை ஏலதாரனுக்கு விடாமல் ஊர் விவசாயத் தொழிலாளர் கூட்டுறவுக்குக் கொடுக்க வேண்டும்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அந்தக் கேன்டீனில் தினம் ஒரு சுண்டலும் விரும்பியவருக்கு முட்டையும் வேண்டும். விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர்களுக்கும் அது கிடைக்க வழி செய்ய வேண்டும்.

பள்ளிப் பிள்ளையின் முட்டையில் எவனும் கை வைக்கக் கூடாது.

தோழர்களே! இறைச்சி தின்பதா, பயறு தின்பதா என்பதை உழைக்கிறவன் தானே முடிவு செய்யட்டும். ஆனால் முடிவு செய்ய இரண்டும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு விரதம் ஏது? அவனுக்கு இருப்பது பட்டினி.

அடுத்த புரட்டாசியிலும் அந்த நெசவுத் தெருவுக்குச் சந்தா வசூலுக்குப் போவேன். அந்தச் சகோதரி மறுபடி சாப்பிடக் கூப்பிடுவார். அன்று கவுச்சி இருக்காது, அது அவர் விருப்பம். ஆனால் சோற்றின்மேல் கெட்டிப் பருப்பு விழ வேண்டும். அதற்கு வரும் திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் முன்னால் உங்கள் ரேஷன் அட்டையோடு வாருங்கள். தறிக்காரனும் வர வேண்டும், கழனிக்காரனும் வர வேண்டும், வீட்டுப் பெண்களையும் அழைத்து வர வேண்டும்.

தொழிலாளர் விவசாயி ஒற்றுமை ஓங்குக!